ஏடு உதிரும் முன்: சட்டக் கல்லூரியின் வாய்மொழி வரலாறு

அன்னவாசலை அடுத்த சித்தன்னவாசல் என்றதும் நம் நினைவுக்கு வருவது அறிவர் கோயிலின் தாமரைக் குள ஓவியமே. அதே குன்றில் ஏழடிப்பாட்டம் என்றொரு குகைத்தளம் உண்டு. சமண முனிவர் தங்கிய 17 கற்படுக்கைகள் அங்கே இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. குமுழூரிற் பிறந்த துறவி ஒருவருக்கு இளையர் என்பார் செய்தளித்த இருக்கை இது என்பதே அவை தரும் செய்தி. மெய்க்கீர்த்தி இல்லை, மன்னன் பெயரும் இல்லை. இன்னார், இன்ன ஊரில் பிறந்தவர், அவருக்கு இதைச் செய்தவர் இன்னார் என்ற மூன்று தகவல்கள் மட்டுமே உள்ளன.

ஒருவருடைய வாழ்க்கையைப் பதிவு செய்யப் புகுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளும் இவையே. நம் பகுதியின் கல்லே இதைக் கற்பிக்கிறது. தமிழகத்தின் பழைய கல்வி நிறுவனம் ஒன்றின் முன்னாள் மாணவர்களிடம் இக்கேள்விகளைக் கேட்டு ஒலிநாடாவிலோ காணொளியிலோ பதிந்து வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. காலம் கடந்துகொண்டிருக்கிறது என்று சொல்வது இன்னும் பொருந்தும். நாம் குறிப்பிடுவது சென்னைச் சட்டக் கல்லூரியை.

சென்னையில் சட்டக் கல்வி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. மாநிலக் கல்லூரியோடு இணைந்திருந்த சட்ட வகுப்பு 1891இல் தனிக் கல்லூரியாயிற்று. உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டி, ஹென்றி இர்வின் வடிவமைத்த இந்தோ-சாரசெனிக் பாணிக் கட்டடம் 1899இல் அதற்குக் கிடைத்தது. அந்த இடம் முன்பு ஆங்கிலேயரின் பழைய இடுகாடாக இருந்தது. கோட்டையின் ஆளுநராயிருந்த எலிஹு யேலின் மகன் டேவிட்டின் நினைவுத்தூண் மாணவர்கள் நடமாடிய வளாகத்திலேயே நின்றது. 17ஆம் நூற்றாண்டில் இறந்துபோன அந்தச் சிறுவனின் பெயரைக் கல் காத்து நிற்கிறது. அந்தத் தூணைக் கடந்து வகுப்புக்குச் சென்ற ஆயிரக்கணக்கானோரின் பெயரையும் நினைவையும் எது காக்கப்போகிறது?

1990இல் அக்கல்லூரி டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி என்று பெயர் பெற்றது. 2018இல் பழைய கட்டடத்தை விட்டு நீங்கி, திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டரைப்பெரும்புதூரிலும் இன்று செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள புதுப்பாக்கத்திலும் இரண்டு கல்லூரிகளாகப் பிரிந்தது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினர். ஆயினும் இடமாற்றம் நடந்தேறியது. கட்டடம் உயர் நீதிமன்றத்தின் வசம் சென்றது. செங்கல்லையும் குவிமாடத்தையும் பழுதுபார்க்கப் பொறியாளர் உண்டு. ஆனால் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த நினைவு, இடம் கைமாறியதும் ஒட்டுவதற்கு வேறு பற்றுக்கோடு இன்றி நிற்கிறது. இனி அது வாழும் மனிதரிடம் மட்டுமே உள்ளது.

'நீதித்துறைக்கு ஆவணப் பஞ்சமா?' என்று வாசகர் வினவலாம். உண்மையில் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் 1876 முதல் தொகுதி தொகுதியாக அச்சேறியுள்ளன. கல்லூரி பிறந்த அதே 1891இல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' இதழும் தோன்றியது. அவற்றில் வழக்கு உண்டு, வாதம் உண்டு, தீர்ப்பு உண்டு. வாதிட்டவர் எவ்வாறு வழக்கறிஞரானார் என்பது இல்லை. கல்விக் கட்டணத்துக்கு எந்த நிலத்தை அடகு வைத்தார்கள், எழும்பூரில் இறங்கியவருக்கு முதல் இரவு தங்க யார் இடம் கொடுத்தார்கள், விடுதியில் யாரோடு யார் அமர்ந்து உண்டனர், யாரோடு உண்ணவில்லை, கறுப்பு அங்கியை முதன்முதலில் யாரிடம் இரவல் வாங்கினார் என்பனவெல்லாம் எந்தத் தொகுதியிலும் அச்சாகவில்லை.

புகழ்பெற்றவர்களின் கதை ஓரளவு நமக்குத் தெரியும். திருமயத்தில் 1887இல் பிறந்து, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் பயின்ற சத்தியமூர்த்தி இக்கல்லூரியின் மாணவர். குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன், உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், உச்ச நீதிமன்றம் கண்ட முதல் தலித் நீதிபதியான ஏ. வரதராசன் ஆகியோரும் இங்கே சட்டம் பயின்றவர்களே. பெண்கள் வழக்கறிஞர் ஆவதற்கிருந்த தடையை 1923ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியபின், 1920களின் இறுதியில் ஆனந்தாபாய் சென்னையில் அங்கி அணிந்தார். அண்மைக் காலத்தில் நீதிபதி கே. சந்துரு 'நானும் நீதிபதி ஆனேன்' என்று தமிழிலேயே தன்வரலாறு எழுதினார். ஆனால் தன்வரலாறு எழுதுவோர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. மாவட்ட நீதிமன்ற வாசலில் நாற்பது ஆண்டு நின்று, ஊராரின் பாகப்பிரிவினையையும் வரப்புத் தகராறையும் தீர்த்து வைத்தவர் பேனாவை எடுக்கமாட்டார். கேட்டால் சொல்வார், கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

புதுக்கோட்டைக்காரர்களான நமக்கு இதில் தனித்த அக்கறை ஒன்று உண்டு. இந்த மண் 1948 மார்ச் 3 வரை தனிச் சமஸ்தானம். தனக்கென நீதிமன்றங்களை வைத்திருந்தது. அந்தச் சமஸ்தானத்தின் உயர் நீதிமன்றத்தில் 1887 முதல் 1890 வரை நீதிபதியாக அமர்ந்திருந்தவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். தனிச் சட்டக் கல்லூரி தோன்றுவதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 1871இல், பி.எல். தேறியவர். இலக்கிய வாசகருக்கோ அவர் கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய பதிப்பாசிரியர். கட்டை அவிழ்க்கும்போதே ஒடிந்து நொறுங்கும் ஏடுகளைக் கண்டு அவர் தம் பதிப்புரையில் பதறியதைப் படித்தவர் மறக்கவியலாது. அவர் அன்று கண்ட அவசரம்தான் இன்று நம்முன் இருப்பது. வேறுபாடு ஒன்றே: இன்றைய ஏடு மூச்சுவிடும் ஏடு. 1948இல் சமஸ்தானம் இணைந்தபோது இங்கிருந்த வழக்குகளும் வழக்கறிஞர்களும் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆளுகைக்குள் எவ்வாறு சென்றார்கள், சமஸ்தானச் சட்டத்துக்குப் பழகிய கைகள் புதிய முறைக்கு எவ்வாறு பழகின என்பதைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர் எஞ்சியிருக்க முடியும்? அவ்வாண்டில் 20 வயது நிரம்பியவர் இன்று நூறை நெருங்குகிறார்.

இன்னொன்று மொழி. சட்டக் கல்லூரியின் பாடம் ஆங்கிலத்தில். மாணவரின் வீடு தமிழில். இந்த இரண்டுக்கும் இடையே பாலமிட்டவர்களுள் முன்னோடி மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முன்சீபாக இருந்த அவர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து 'சித்தாந்த சங்கிரகம்' ஆக்கினார். 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டபின் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆனால் சாட்சி தமிழில் கூறியதை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்ட காலத்தில் எது இழக்கப்பட்டது, எது திரிந்தது என்பதை அந்த அறையில் நின்றவர்தாம் சொல்ல இயலும். 'வாய்தா', 'வக்காலத்து', 'ஜப்தி', 'பிராது' முதலான சொற்களை நம் கிழவர்கள் பயன்படுத்தும் லாவகத்தை அகராதி பதியாது, ஒலிப்பதிவு பதியும்.

உலகில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் 1948இல் வாய்மொழி வரலாற்றுப் பணியைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்குவயர் சட்ட நூலகம் தன் மூத்த சட்ட அறிஞர்களை நேர்கண்டு, ஒலிப்பதிவையும் எழுத்து வடிவத்தையும் பொதுவில் வைத்துள்ளது. ஜார்ஜ் கேட்பாய்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் நம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அறுபதுக்கும் மேற்பட்டோரைச் சந்தித்து உரையாடிக் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகளைக் கொண்டு அபினவ் சந்திரசூட் 2018இல் 'சுப்ரீம் விஸ்பர்ஸ்' என்னும் நூலை எழுதினார். கடல் கடந்து வந்த ஒருவர் கேட்டிராவிட்டால் அந்த நீதிபதிகள் பலருடைய குரல் அவர்களோடே போயிருக்கும். உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கேட்பாய்ஸ் கிடைத்தார். திருமயத்துக்கும் கீரனூருக்கும் அறந்தாங்கிக்கும் யார் வருவார்?

'கிழவர்களின் நினைவை நம்பி வரலாறு எழுதலாமா?' என்றொரு மறுப்பு எழும். அதற்குச் சட்டமே விடை தருகிறது. கேள்விச் சான்றை நீதிமன்றம் பொதுவாக ஏற்பதில்லை. ஆயினும் இறந்துபோனவர், பொது உரிமையைப் பற்றியும் வழக்காற்றைப் பற்றியும் தகராறு எழுமுன் கூறிய கூற்றை 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு ஏற்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும் தன் 26ஆம் பிரிவில் அதை ஏற்கிறது. அறிந்தவர் மறைந்துவிட்டால் அவர் சொல்லிச் சென்றதைத் தவிர வேறு சான்றில்லை என்ற நடைமுறை அறிவே அதன் அடிப்படை. அதே அறிவு வரலாற்றுக்கும் பொருந்தும். ஒருவர் சொல்வதை மற்றவர் சொல்வதோடும் பழைய நாளேட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது ஆய்வாளர் கடன். ஒப்பிடுவதற்குக் கூற்று முதலில் இருக்க வேண்டும்.

இனிய நினைவுகளை மட்டும் சேகரிப்பது மரபைக் காப்பதாகாது. 2008 நவம்பர் 12 அன்று அக்கல்லூரி வளாகத்தில் மாணவர் இரு பிரிவாக மோதிக்கொண்டதையும், காவலர் பார்த்து நின்றதையும் தமிழகம் தொலைக்காட்சியில் கண்டது. சாதி அந்தக் கட்டடத்துக்குள் அன்று புதிதாக நுழைந்துவிடவில்லை. நீதிபதி பி. சண்முகம் ஆணையம் விசாரித்து அறிக்கை அளித்தது. கல்லூரியை இடம் மாற்றும் எண்ணத்துக்கு அந்நாளின் நிழலும் ஒரு காரணம். அந்நாளில் அங்கிருந்தவர்கள் இன்று நடுவயதை எட்டிவரும் வழக்கறிஞர்கள். இரு தரப்பினரையும் தனித்தனியே, பொறுமையாக, தீர்ப்புச் சொல்லும் நோக்கமின்றிக் கேட்க வேண்டும். அதைத் தவிர்த்துவிட்டுக் குவிமாடத்தின் அழகை மட்டும் பேசினால் அது மலர்மாலையாகுமே தவிர வரலாறாகாது.

வழக்கறிஞரை நேர்காண்பதில் வேறெங்கும் இல்லாத எல்லை ஒன்றுண்டு. கட்சிக்காரர் நம்பிக் கூறியதை, வழக்கு முடிந்த பின்னரும் வெளியிடக் கூடாதென்பது பழைய சட்டத்தின் 126ஆம் பிரிவு. புதியதில் 132ஆம் பிரிவு. ஆகவே வழக்கின் மறைபொருளைத் துருவுவது நம் வேலையன்று. கல்லூரி நாள்கள், ஆசிரியர்கள், விடுதி, தொழில் பழகிய மூத்தவரின் அலுவலகம், முதல் வழக்கின் நடுக்கம் என்று கேட்பதற்கு ஏராளம் உண்டு. வாழ்வோரின் பெயர் கெடத்தக்கதைக் கூறினால், அப்பகுதியைக் குறிப்பிட்ட ஆண்டுகள் முத்திரையிட்டு வைக்கலாம். எதற்கும் எழுத்துமூல இசைவு முன்னரே பெறப்பட வேண்டும்.

கேட்கும் முறையும் முக்கியம். 'கல்லூரி எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நன்றாக இருந்தது' என்பதே விடையாகும். 'முதல்நாள் எந்த வண்டியில் போய் இறங்கினீர்கள், கையில் என்ன கொண்டுபோனீர்கள்?' என்று கேட்டால் ஒரு காலமே எழுந்து வரும். பழைய நிழற்படம், விடுதிக் கட்டண ரசீது, வகுப்புக் குறிப்பேடு ஆகியவற்றை முன்னே வைத்துக்கொண்டு பேசச் செய்யலாம். பேசியதை எழுத்தில் பெயர்க்கும்போது செந்தமிழாக்கித் திருத்தலாகாது. அவர் வாய்மொழி அவருடையதாகவே இருக்கட்டும். பதிவின் படிகள் குறைந்தது மூன்று, வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட வேண்டும். இன்று கைப்பேசியே போதுமான கருவி. அரிய முதற்பதிப்புகளுக்குப் புகழ்பெற்ற ஞானாலயா நூலகத்தைத் தனி முயற்சியில் வளர்த்தெடுத்த ஊர் புதுக்கோட்டை. நூலுக்குச் செய்ததை நம்மால் குரலுக்கும் செய்ய இயலும்.

இம்மாவட்டத்துக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் படியெடுத்து, அவற்றின் பாடங்களைச் சமஸ்தானம் 1929இல் நூலாக்கியது. ஊரார் பாடிகாவல் உரிமையை விற்றது, நிலத்துக்கு எல்லை வகுத்தது, தகராறு தீர்த்தது என நம் மூதாதையரின் சட்ட வாழ்வை இன்று நாம் அறிவது, அன்று சிலர் வெயிலில் நின்று மைப்படி எடுத்ததால். அவர்கள் காத்தது கல். கல் இன்னொரு நூற்றாண்டும் பொறுத்திருக்கும். மனிதர் பொறுத்திருக்க மாட்டார். நம் தெருவிலேயே, கறுப்பு அங்கியை மடித்து வைத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் சென்று, 'ஐயா, தாங்கள் பிறந்த ஊர் எது? தங்களைப் படிக்க வைத்தவர் யார்?' என்று தொடங்குவோம். அதற்கு இந்த வாரமே உகந்தது.