ஏழு வருஷமா, ஒரு வருஷமா?

ஊர்ல சித்தி பையன் ஒருத்தன் ஐடிஐ முடிச்சிருக்கான். ஒரு பெரிய தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் இடம் கிடைச்சிருக்கு. உதவித்தொகை கம்மி, ஆனா முடிச்சா சர்டிபிகேட். இன்னொரு பக்கம், கூட்டாளியோட சேர்ந்து ஏசி ரிப்பேர். "சீசன்ல அந்தக் காசை ஒரே வாரத்துல பாத்துடலாம்ணே, என்ன பண்ணட்டும்?"னு என் தலையில கட்டிட்டான். கேம்பஸ்ல கிடைச்ச வேலையைப் பிடிச்சுக்கிட்டு வந்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது? ஆணி கம்மியா இருந்த ஒரு மதியம் ஜேம்ஸ் வாட் பற்றிப் படிச்சேன்.

கொதிக்கிற கெட்டில் கதை இல்லீங்க. அதெல்லாம் விடுங்க. இது அவர் கடை போட்ட கதை.

1755. வாட்டுக்கு 19 வயசு. கணிதக் கருவிகள் செய்யுற தொழில் கத்துக்க ஸ்காட்லாந்திலிருந்து குதிரையில் லண்டன் போறார். போன பட்டறையில் எல்லாம் ஒரே பதில்: ஏழு வருஷம் எழுதிக் கொடுத்துச் சேரு, இல்லேன்னா ஏழு வருஷம் முடிச்சவனா வா. இங்கிலாந்தில் 1563-லேயே இதைச் சட்டமா போட்டு வச்சிருந்தாங்க. கடைசியில் கார்ன்ஹில்லில் ஜான் மார்கன் என்பவர் ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக்கிட்டார். கூலி கிடையாது. வாட்தான் 20 கினி கொடுக்கணும், வேலையும் செய்யணும்!

ஏழு வருஷப் பாடத்தை ஒரு வருஷத்தில் முழுங்கப் பார்த்தார். சாப்பாட்டுக்கு வாரம் 8 ஷில்லிங். தெருவுக்கு வரவும் பயம். 1756-ல் போர் ஆரம்பிச்ச நேரம், கடற்படைக்கு ஆள் பிடிக்கிற கும்பல் சுத்திக்கிட்டு இருந்துச்சு. பதிவான பயிற்சியாளன்னா தப்பிக்க வழி உண்டு. இவர் நகருக்குள்ள வேலை பார்க்குறதே விதிக்கு விரோதம், யார்கிட்ட போய் முறையிடுறது? அந்த ஏழு வருஷப் பத்திரம் தொழில் கத்துக்க மட்டும் இல்லை, அடையாள அட்டையும் அதுதான்னு இங்கேதான் எனக்கு உறைச்சது.

உடம்பு கெட்டு ஊர் திரும்பினார். கிளாஸ்கோவில் கடை போடப் போனா, சுத்தியல் பிடிக்கிற தொழிலாளர் சங்கம் குறுக்கே நின்னதா சொல்வாங்க. உள்ளூரில் பயிற்சி முடிக்கலை, உள்ளூர் உறுப்பினர் மகனும் இல்லை. (இந்தத் தடை எந்த அளவுக்கு உண்மைன்னு சில ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு.) காப்பாத்தினது பல்கலைக்கழகம். ஜமைக்காவிலிருந்து கப்பல்ல வந்த வானியல் கருவிகளைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தார், 5 பவுண்டு கிடைச்சது. 1757-ல் வளாகத்துக்குள்ளேயே ஒரு பட்டறை!

உடனே காசு கொட்டலை. புல்லாங்குழல், வயலின்னு வந்ததை எல்லாம் சரி பண்ணினார். 1759-ல் ஜான் கிரெய்க் கூட்டு சேர்ந்த பிறகுதான் வியாபாரம் பெருத்து, 16 பேர் வரை வேலை பார்த்தாங்க. லண்டன்ல ஏழு வருஷம் எழுதிக் கொடுத்திருந்தா 1762 வரை அங்கேதான். 1763 வாக்கில் நியூகோமன் இயந்திர மாடல் ரிப்பேருக்கு வந்ததும் இவர்கிட்டதான். மீதி உங்களுக்கே தெரியும்.

அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரா இருந்தவர், வாட்டின் நண்பர், ஆடம் ஸ்மித். 1776-ல் வந்த தன் புத்தகத்தில் இந்த ஏழு வருஷ முறையை வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கார். கடிகாரம் செய்யக்கூட சில வார வகுப்பு போதுமாம், கைப்பழக்கம்தான் நாள் எடுக்குமாம். இன்னொரு கூத்து: சக்கரம் செய்யுறவர் கோச் வண்டி செய்யலாம், கோச் செய்யுறவர் சக்கரம் செய்யக்கூடாது. 1563-ல் கோச் தொழிலே இல்லையே, அதான் :-) அந்த ஏழு வருஷ விதி ஒழிய 1814 ஆச்சு.

ஆனா சொந்தத் தொழிலை மட்டும் நம்பி வாட்டும் நிக்கலை. இயந்திரச் சோதனையில் கடன் ஏற, 1770 வாக்கில் மாங்க்லாண்ட் கால்வாய் வேலையை வருஷம் 200 பவுண்டுக்கு மேற்பார்வை பார்க்கப் போனார். பிள்ளைகுட்டிக்காரர், என்ன பண்ணுவார்.

இதை எல்லாம் ஃபோன்ல பையனுக்குச் சொன்னேன். பொறுமையா கேட்டான்.

"அவருக்கு யுனிவர்சிட்டி ரூம் கொடுத்துச்சுண்ணே. எனக்கு யாரு?"

வெள்ளிக்கிழமை சேரக் கடைசி நாள். இன்னும் பதில் சொல்லலை.