பெண்ணுக்கு விடுதலை தந்த கம்பெனி

பள்ளிக்கரணையில் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தபோது புதுச்சேரியிலிருந்து நான் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று, மூலினெக்ஸ் காபிக்கொட்டை அரைக்கும் மெஷின். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்த பெரியப்பா 1970-களில் வாங்கிவந்தது. பொத்தானை அமுக்கினால் இன்றும் சுற்றுகிறது. போன வாரம் மருமகள், "இந்தக் கம்பெனி இன்னும் இருக்கா மாமா?" என்று கேட்டாள். பெயர் இருக்கிறது, கம்பெனி இல்லை என்றேன்.

ஆரம்பித்தவர் ழான் மாந்த்லே. மனைவி செய்த உருளைக்கிழங்கு மசியல் கட்டிகட்டியாக இருந்ததாம். அதற்காக 1932-ல் கையால் சுற்றிக் காய்கறி மசிக்கும் கருவியைச் செய்தார். முதலில் அவ்வளவாக விற்கவில்லை. விலையைக் குறைத்ததும் பிய்த்துக்கொண்டு போனது. 1950-களில் மின்சார காபி மெஷின் வந்தது. மூலினெக்ஸ் பெண்ணை விடுதலை செய்கிறது என்று விளம்பரம் செய்தார்கள். நார்மண்டியின் சின்னச் சின்ன ஊர்களில் தொழிற்சாலைகள் கட்டினார்கள். விவசாயக் குடும்பத்துப் பெண்கள் ஏராளமானோர் அங்கே வேலைக்கு வந்தார்கள். விடுதலை என்றால் எனக்கு மசியலைவிட அந்தச் சம்பளம்தான் நினைவுக்கு வரும்.

மாந்த்லேவுக்குப் பிள்ளைகள் இல்லை. 1991-ல் காலமானார். அதே ஆண்டு கம்பெனி கடன் வாங்கி ஜெர்மனியின் க்ருப்ஸை வாங்கியது. ஆசியாவிலிருந்து மலிவான மைக்ரோவேவ் அடுப்புகள் வந்து குவிந்தன. 1996-ல் 2,600 பேரைக் குறைப்பதாக அறிவித்து, அர்ஜான்தான், மமேர் தொழிற்சாலைகளை மூட முடிவுசெய்தார்கள். 'மறுசீரமைப்பு' என்று அதற்குப் பெயர். அலுவலகக் கோப்புகளில் இப்படிப்பட்ட சொற்களை நானும் நிறைய எழுதியிருக்கிறேன். 1998-ல் ரஷ்யப் பொருளாதாரம் சரிந்தபோது அங்கே போய்க்கொண்டிருந்த சரக்கும் படுத்தது.

2001 செப்டம்பர் 7-ம் தேதி திவால் மனு. பிரெஞ்சு வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்டேன். நான்கே நாளில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தன. அப்புறம் இதைப் பற்றி யார் பேசினார்கள்? அக்டோபரில் போட்டிக் கம்பெனியான செப் வாங்கிக்கொண்டது. பிரான்சில் இருந்த சுமார் 5,600 பேரில் 1,800 பேருக்குச் சற்று மேல் மட்டும் எடுத்துக்கொண்டது. அலான்சோன், பாயூ, ஃபலேஸ், கோர்மெல் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. கோர்மெலில், நஷ்டஈடு கேட்ட தொழிலாளர்கள் ஆலையைத் தகர்த்துவிடுவோம் என்று மிரட்டினார்கள். நவம்பரில் ஒரு கட்டடம் எரிந்தது. அவர்களில் இருபது முப்பது வருஷம் ஒரே வரிசையில் நின்று வேலை பார்த்த பெண்கள் பலர். அந்த வயதில் வேறு எங்கே போவார்கள்? நானோ முதல் தேதி சம்பளம், பிறகு பென்ஷன் என்று இருந்தவன். தீ வைத்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செப் 2011-ல் நம் ஊர் மஹாராஜா ஒயிட்லைன் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கியது. மருமகளிடம் இதையும் சொன்னேன். "அப்போ இந்த மெஷினை எடைக்குப் போட வேண்டாம்" என்று துடைத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.