கறுப்பு, சிவப்பு, நீலம்: தமிழ்ப் பாடல் காட்சிகளில் கட்சி நிறங்கள்

தமிழ்த் திரைப்பாடல் காட்சிகளில் நிறம் அரசியல் பேசத் தொடங்கியது 1950களின் பிற்பகுதியில்தான். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக 1956இல் வெளிவந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முதலாகத் தேர்தலில் நின்றது 1957இல். வண்ணச் சுருளும் புதிய கட்சியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் மக்களிடம் வந்ததால், திரையில் தெரியும் நிறத்தைக் கொடியின் நிறமாகப் படிக்கும் பழக்கம் வெகு சீக்கிரம் வேரூன்றியது.

நிறத்தைப் பார்த்துச் செய்தி அறியும் வழக்கம் அதைவிட மிகப் பழையது. மதுரைக்குத் தெற்கே அதற்கு நல்ல சான்று ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் சூடிக்களைந்த மாலையும் பட்டும் கிளியும் ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவுக்காக இங்கிருந்து மதுரைக்குப் போகின்றன. அந்த மாலையை அணிந்துதான் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று பார்க்கவே கரையில் கூட்டம் நெருக்கியடிக்கும். பச்சை என்றால் மழை பெய்யும், விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூரின் மேற்குப் பகுதியான மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயில் இருக்கிறது. தீராத வயிற்றுவலி இங்கே தீர்ந்ததால் திருமலை நாயக்கர் (ஆட்சிக் காலம் 1623–1659) இக்கோயிலுக்குத் திருப்பணி செய்தார் என்பது மரபுச் செய்தி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூசை முடிந்ததும் முரசு கொட்ட, வழிநெடுக உள்ள மண்டபங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த ஒலியை மதுரைக்குக் கடத்த, அதைக் கேட்ட பிறகே நாயக்கர் உணவருந்தினார் என்றும் சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அது காட்டும் எண்ணம் பழையது: அதிகாரம் தன்னைக் கண்ணுக்கும் காதுக்கும் ஒருசேரத் தெரிவித்துக்கொள்கிறது. பாடல் காட்சி பின்னாளில் செய்ததும் இதைத்தான்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகளில் அதிகாரத்தின் நிறம் வெள்ளை. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தார். விருதுநகரின் காமராசர் 1954இல் முதல்வரானார். இருவரும் கதர்க்காரர்கள். வெள்ளைக் கதர் என்றால் காங்கிரஸ், காங்கிரஸ் என்றால் ஆட்சி. இதற்கு எதிர்நிறமாக வந்தது கறுப்பு. மங்கல காரியத்துக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட நிறத்தைப் பெரியார் வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார். 1944இல் சேலத்தில் பெயர் பெற்ற திராவிடர் கழகத்தின் கொடியில் கறுப்புப் பரப்பின் நடுவே சிவப்பு வட்டம்: கறுப்பு சமூக இழிவுக்கு, சிவப்பு அதை ஒழிக்கும் போராட்டத்துக்கு. 1946 மே மாதம் மதுரையில் நடந்த கருஞ்சட்டைப் படை மாநாட்டின் பந்தல் எரிக்கப்பட்டது. 1948இல் அரசு அந்தப் படைக்கே தடை போட்டது. ஒரு சட்டையின் நிறத்துக்காக அரசு ஆணை பிறப்பிக்கிறது என்றால் அந்த நிறம் எவ்வளவு தூரம் வேலை செய்திருக்க வேண்டும்! இத்தாலியில் முசோலினியின் ஆட்களும் கறுப்புச் சட்டைதான் போட்டார்கள். அங்கே அது மிரட்டல். இங்கே அது மானம். நிறத்துக்குத் தனியாகப் பொருள் கிடையாது.

கார்த்திகை பிறந்துவிட்டால் இது நன்றாகவே தெரியும். ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை நோக்கிப் போகும் வண்டிகளில் கறுப்பு வேட்டிக் கூட்டம் நிறைந்திருக்கும். அவர்கள் பகுத்தறிவாளர்கள் அல்ல, சபரிமலைக்கு மாலை போட்டவர்கள். சிவப்புச் சேலை கட்டிய பெண்கள் கூட்டமாக வந்தால் மேல்மருவத்தூர் என்று எல்லோருக்கும் தெரியும், கம்யூனிஸ்டு ஊர்வலம் என்று யாரும் நினைப்பதில்லை. நிறத்துக்குப் பொருள் தருவது அதன் பக்கத்தில் நிற்கும் முகமும் ஒலிக்கும் பாட்டும்தான்.

1949 செப்டம்பரில் சென்னை ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தொடங்கப்பட்ட தி.மு.க., தாய்க் கழகத்தின் இரு நிறங்களையும் மேலே கறுப்பு, கீழே சிவப்பு என்று சம பாதியாக மாற்றிக்கொண்டது. 1953இல் கட்சியில் சேர்ந்த எம்.ஜி.ஆர்., 1958இல் தாமே தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்ன’னில் இந்தக் கொடியைத் திரைக்குக் கொண்டுவந்தார். எம்ஜியார் பிக்சர்ஸ் நிறுவனத்தின் சின்னத்தில் ஓர் ஆணும் பெண்ணும் கொடியைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். அந்தப் படம் முன்பகுதி கறுப்பு வெள்ளையிலும் பின்பகுதி வண்ணத்திலும் எடுக்கப்பட்டது. கறுப்பு வெள்ளைச் சுருளில் சிவப்பு வெறும் சாம்பல்தான். ஆனாலும் கொட்டகையில் விசில் பறந்தது. இல்லாத சிவப்பைப் பார்ப்பவர்களே போட்டுக்கொண்டார்கள். 1960களில் வண்ணம் பரவிய பிறகு அந்தச் சிரமம் தீர்ந்தது. வண்ணப் படங்களில் எம்.ஜி.ஆர். கறுப்பும் சிவப்பும் கலந்த உடையில் அடிக்கடி தோன்றினார். வசனக் காட்சியை விடப் பாட்டுக் காட்சி அதற்கு வசதி: உடையை ஏன் மாற்றினார் என்று அங்கே யாரும் காரணம் கேட்பதில்லை.

இதற்குத் தணிக்கையும் ஒரு காரணம். 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி படங்கள் தணிக்கைச் சான்று பெற்றாக வேண்டும். கட்சிப் பெயர், சின்னம், தலைவர் பெயர் பாட்டில் வந்தால் வெட்டு விழும். 1966இல் வந்த ‘அன்பே வா’ படத்துக்காக வாலி எழுதிய பாடல் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம். அதிலிருந்த கட்சிச் சின்னத்தின் பெயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றியும் ஆயிற்று. ரசிகர்களோ மாற்றிய சொல்லையும் பழைய சொல்லாகவே கேட்டார்கள். சொல்லை வெட்டலாம், ஆனால் சட்டையின் நிறத்தை எந்த விதியைக் காட்டி வெட்டுவது? கதாநாயகன் சிவப்புச் சட்டை போடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. தமிழ்ப் பாடல் காட்சியில் நிறம் இவ்வளவு சுமை தூக்கியதற்கு அழகியலைவிட இந்த ஓட்டைதான் முதன்மையான காரணம்.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக் கட்சி கண்டபோது ஒரு சிக்கல் வந்தது. இத்தனை ஆண்டு அவர் உடம்பில் சுமந்த நிறங்கள் இப்போது எதிரிக் கட்சியின் கொடியில் இருந்தன. அவர் அவற்றை விட்டுக்கொடுக்கவில்லை. அதே கறுப்பு சிவப்பின் நடுவே கைநீட்டி நிற்கும் அண்ணாவின் வெள்ளை உருவத்தைச் சேர்த்து அ.தி.மு.க. கொடி ஆக்கினார். ‘உலகம் சுற்றும் வாலிபன்’ 1973 மே 11 அன்று வெளியானது. பெயர்ப் பட்டியலின்போது சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ஒலித்த வெற்றிப் பாட்டைத் தொண்டர்கள் தங்கள் கட்சிப் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் திண்டுக்கல் இடைத்தேர்தல். புதிய கட்சி வென்றது. 1977இல் ஆட்சியைப் பிடித்தபோது எம்.ஜி.ஆர். நின்ற தொகுதி, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள அருப்புக்கோட்டை.

தனிச் சிவப்பு இடதுசாரிகளுடையது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் அந்தக் கொடியை நன்கு அறிந்தவர்கள். இவ்விரு சட்டமன்றத் தொகுதிகளும் அடங்கிய தென்காசி மக்களவைத் தொகுதியை 2009இல் இந்தியக் கம்யூனிஸ்டு கட்சி வென்றது. ஆனால் திரையில் இந்தச் சிவப்பு அதிகம் நிலைக்கவில்லை. 1981இல் ஏவி.எம். தயாரிப்பில் இராம. நாராயணன் இயக்கிய ‘சிவப்பு மல்லி’ இதில் குறிப்பிடத்தக்கது. தெலுங்குப் படத்தின் மறு ஆக்கமான அது, தலைப்பிலேயே நிறத்தை வைத்துக்கொண்டு தொழிலாளர் கோபத்தைப் பாட்டாக்கியது. விஜயகாந்தின் கோபக்கார இளைஞர் உருவத்துக்கு அடித்தளம் போட்ட படங்களில் அதுவும் ஒன்று. பிறகு வந்த பல படங்களில் சிவப்புத் துண்டு வெறும் உடையலங்காரமாகச் சுருங்கிவிட்டது.

நீலம் திரைக்கு வந்தது மிகவும் பிந்தி. அம்பேத்கர் 1942இல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நிறம் அது. விடுதலைச் சிறுத்தைகள் கொடியில் சிவப்போடு சேர்ந்து நிற்கிறது. தமிழ் சினிமா அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் தம் நிறுவனத்துக்கே நீலம் என்று பெயர் வைத்தார். அதன் முதல் தயாரிப்பான மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில், ‘நான் யார்’ பாடலில் நாயகன் உடலெங்கும் நீலம் பூசித் தோன்றுகிறான்.

அதே ஆண்டு ஜூனில் வந்த ‘காலா’வின் இறுதிக் காட்சி இந்த வரலாற்றில் தனித்து நிற்கிறது. மும்பை தாராவியின் நிலத்தைப் பறிக்க வருபவன் வெள்ளுடைக்காரன். அவன் வீடும் வெள்ளை. ரஜினிகாந்தின் பாத்திரம் உடுத்துவதோ கறுப்பு. சந்தோஷ் நாராயணன் இசையில் ‘கற்றவை பற்றவை’ முழங்கும்போது கூட்டத்திலிருந்து கறுப்புப் பொடி பறக்கிறது. பிறகு சிவப்பு, பிறகு நீலம். வெள்ளைச் சட்டை கண்ணெதிரே அழுக்காகி, நிறமாகி, காணாமல் போகிறது. பெரியார், மார்க்ஸ், அம்பேத்கர் என்ற மூன்று பெயர்களில் ஒன்றையும் யாரும் அங்கே உச்சரிக்கவில்லை. உச்சரிக்கத் தேவையும் இல்லை. எம்.ஜி.ஆர். காலத்தில் நிறம் நாயகன் ஒருவனின் உடையில் இருந்தது, கூட்டம் அதைப் பார்த்துக் கைதட்டியது. ‘காலா’வில் நிறம் கூட்டத்தின் கையில் இருக்கிறது; நாயகன் இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாமல் போகிறது. அரை நூற்றாண்டில் நடந்த மாற்றங்களில் இதுவே பெரியது. அமெரிக்காவிலும் இதற்கு ஒப்பான காட்சி உண்டு: 2016இல் சூப்பர் பவுல் விளையாட்டின் இடைவேளையில் பியான்சேயின் நடனப் பெண்கள் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தை நினைவூட்டும் கறுப்புத் தொப்பி அணிந்து ஆடினார்கள். அங்கேயும் பெயர் சொல்லப்படவில்லை; சண்டை மட்டும் பெரிதாக வந்தது.

நிறத்தின் இந்தச் சக்தி எப்போதும் நல்ல பக்கமே நின்றதில்லை. தென் மாவட்டங்களில் சாதிக்கொரு நிறம் உண்டு. குருபூசை, திருவிழா, திருமண ஊர்வலம் எதிலும் கொடியும் தோரணமும் பாட்டும் சேர்ந்தே வரும். சாதிப் பெருமை பேசும் காணொளிப் பாடல்களிலும் முதலில் கண்ணில் படுவது அந்த நிறம்தான். அது பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டுக் கயிறு வரை இறங்கியதால், 2019இல் பள்ளிக் கல்வித் துறை அத்தகைய கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. நாங்குநேரியில் 2023இல் மாணவன் வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழுவும் 2024 ஜூனில் தந்த அறிக்கையில் நிறக் கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது. கொட்டகைத் திரையில் விடுதலைக் குறியாக இருப்பது வகுப்பறையில் பகைக் குறியாகிவிடுகிறது.

அண்மைய மாற்றம் 2024 ஆகஸ்ட் 22 அன்று நடந்தது. நடிகர் விஜய் சென்னை பனையூரில் தமிழக வெற்றிக் கழகத்தின் கொடியை ஏற்றினார்: மேலும் கீழும் சிவப்பு, நடுவே மஞ்சள், வாகைப் பூவும் இரு யானைகளும். கொடியோடு சேர்த்து அதற்கென்றே எடுத்த பாடல் காணொளியும் வெளியிடப்பட்டது. இசை தமன், பாடல் விவேக். ‘மெர்சல்’ (2017) படத்தின் ‘ஆளப்போறான் தமிழன்’ பாடலை எழுதியவரும் விவேக்தான். திரைப்பாட்டுக்கும் கட்சிப் பாட்டுக்கும் இடையே இருந்த மெல்லிய திரை இத்துடன் விலகிவிட்டது. நிறத்தை ஒளித்துக் கடத்த வேண்டிய தேவையும் இல்லை. இணையத்தில் ஏற்றும் பாடலுக்குத் தணிக்கைச் சான்று கிடையாது. உச்ச நீதிமன்றத்தின் 2004 ஆணைப்படி, தேர்தல் நேரத்தில் கட்சிகள் மின்னணு ஊடகங்களில் தரும் விளம்பரங்களுக்கு மட்டுமே முன் அனுமதி வேண்டும். பார்வைக்கு இந்தக் காணொளி பிரம்மாண்டமானது. ஆனால் ‘காலா’வின் முடிவில் கூட்டத்துக்குக் கிடைத்த இடம் இதில் மீண்டும் தலைவருக்கே போய்விட்டது.

இந்தக் கொடியின் யானைகளுக்குப் பகுஜன் சமாஜ் கட்சி எதிர்ப்புத் தெரிவித்தது, யானை தங்கள் தேர்தல் சின்னம் என்பதால். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் அப்படி உரிமை கோர வழியில்லை. தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு ஒதுக்குவது சின்னத்தை மட்டும்தான், நிறத்தை அல்ல.