வடிவ வெட்டுப் புதிர்களும் கணினித் தீர்வும்

ஓர் உருவத்தைச் சில துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியாமலும் இடைவெளி விழாமலும் வேறோர் உருவமாகச் சேர்க்கும் கணக்கே வடிவ வெட்டுப் புதிர். துண்டுகளைக் கொடுத்து அடுக்கச் சொல்வது ஒரு வகை. எங்கே வெட்டுவது என்பதையே கண்டுபிடிக்கச் சொல்வது இன்னொரு வகை. முதல் வகையைக் கணினி தேடித் தீர்த்துவிடுகிறது. இரண்டாம் வகையில் அது பெரும்பாலும் துணையாகவே நிற்கிறது.

இக்கலையின் வேரை வேள்விமேடை கட்டியவர்களின் கயிற்றுக் கணக்கில் தேடுவதே முறை. பௌதாயன சுல்ப சூத்திரம், செவ்வகத்தைச் சம பரப்புள்ள சதுரமாக்கும் வழியைச் சொல்கிறது. செவ்வகத்தின் அகலமே பக்கமாக ஒரு சதுரத்தை முதலில் ஒதுக்க வேண்டும். மீந்த பட்டையை இரண்டாக்கி, ஒரு பாதியை எடுத்துச் சதுரத்தின் அடுத்த பக்கத்தில் வைத்தால், மூலையில் சிறு சதுரம் குறைந்த பெரிய சதுரம் கிடைக்கும். பெரிய சதுரத்தின் பக்கத்தைக் கர்ணமாகவும் சிறு சதுரத்தின் பக்கத்தை ஒரு பக்கமாகவும் கொண்டு செங்கோண முக்கோணம் அமைத்தால், மூன்றாம் பக்கமே வேண்டிய சதுரத்தின் பக்கம். வெட்டும் ஒட்டும் மட்டும் போதாத இடத்தில் தேற்றத்தைத் துணைக்கு அழைத்த இந்த நேர்த்தி வியப்புக்குரியது.

பருந்து வடிவ மேடை இதைவிடக் கடினம். பரப்பு ஏழரைச் சதுர புருஷம் (புருஷம் என்பது ஆள் உயர அளவு), ஐந்து அடுக்கு, அடுக்குக்கு 200 செங்கல், ஆக 1000. மேலடுக்கின் இணைப்புக்கோடு கீழடுக்கின் கோட்டின்மேல் விழக் கூடாது. ஆகவே ஒரே பருந்தை இரு வேறு விதமாகத் துண்டாக்கி, அடுக்குகளில் மாற்றி மாற்றி வைத்தார்கள். இன்று நிரல் எழுதுபவர் கணினிக்குக் கொடுக்கும் நிபந்தனைகள் அத்தனையும் இதில் இருக்கின்றன. சுல்ப சூத்திர நூல்களின் வடிவக்கணிதத்தை முறைப்படி ஆராய்ந்த டி. ஏ. சரஸ்வதி அம்மா, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வே. ராகவனிடம் பயின்றவர்; அவருடைய பெருநூல் 1979இல் வெளிவந்தது.

தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம், வட்டத்தின் பரப்புக்கு அரைச்சுற்றையும் அரைவிட்டத்தையும் பெருக்கச் சொல்கிறது. வட்டத்தை மெல்லிய கீற்றுகளாக அரிந்து தலைமாற்றி அடுக்கினால், ஏறக்குறைய இந்த நீள அகலமுள்ள செவ்வகம் கிடைக்கும். பாஸ்கரரின் லீலாவதி என்ற கணித நூலுக்கு 1545இல் உரை எழுதிய கணேச தைவக்ஞர் இந்த வெட்டைத்தான் விளக்கமாகத் தருகிறார்.

சம பரப்புள்ள எந்த இரு பலகோணங்களையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக வெட்டிச் சேர்க்கலாம் என்பது 19ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது. அதன்பின் குறைந்த துண்டுகளில் முடிப்பதே சவாலாயிற்று. சமபக்க முக்கோணத்தை நான்கே துண்டில் சதுரமாக்கும் புதிரை ஹென்றி டியூடெனி 1902இல் வெளியிட்டார். துண்டுகளைப் புரட்டிப் போடாமல் மூன்றில் முடியாது என்று எரிக் டெமெய்ன், டோனன் கமாட்டா, ரியுஹெய் உஏஹாரா ஆகியோர் 2024இல் நிறுவினர்.

கணினியின் பங்குக்குத் தொடக்ககால எடுத்துக்காட்டு 1958இல் கிடைக்கிறது. ஐந்து சதுரங்களாலான 12 துண்டுகளை, நடுவில் நான்கு கட்டம் நீக்கிய சதுரங்கப் பலகையில் அடுக்க 65 வழிகளே உண்டு என்று டானா ஸ்காட் மேனியாக் கணினியில் கண்டார். ஒன்றுக்கொன்று அளவில் வேறான 21 சதுரங்களால் ஒரு பெரிய சதுரத்தை நிரப்பும் அமைப்பை 1978இல் டைவஸ்டைன் கணினியால் பெற்றார். ஆர்க்கிமிடீஸ் ஆராய்ந்த 14 துண்டுப் புதிருக்குச் சுழற்சியும் பிரதிபலிப்பும் நீங்கலாக 536 விடைகள் என்று 2003இல் பில் கட்லர் எண்ணி முடித்தார். ஒரு துண்டை வைத்து, முட்டினால் எடுத்துவிட்டு அடுத்ததை வைத்துப் பார்ப்பதே இத்தகைய நிரல்களின் அடிப்படை. அதை விரைவாகச் செய்யும் வழியை டொனால்டு நூத் 2000இல் விளக்கினார்.

தமிழ்நாட்டின் தனிப் பங்களிப்பு தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலிருந்து வந்தது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் கோலங்களுக்குக் கணினி இலக்கணம் வகுத்தனர். அந்த மரபின் தொடர்ச்சியாக, ராணி சிரோமணி, கே. ஜி. சுப்பிரமணியன், வி. ஆர். டேர் ஆகியோர் பிரெஞ்சு அறிஞர்களுடன் சேர்ந்து 1991இல் 'புதிர் இலக்கணம்' என்ற கோட்பாட்டை வெளியிட்டனர். தளத்தைத் துண்டுகளால் நிரப்பும் சிக்கலிலிருந்து பிறந்த இக்கோட்பாடு பெற வேண்டிய கவனத்தை இன்னும் பெறவில்லை.

இத்தகைய புதிர்கள் பள்ளிக்கும் வந்துவிட்டன: மாநிலப் பாடநூலைப் பின்பற்றும் பள்ளிகளில், ஏழாம் வகுப்புக் கணக்கில் நான்கு சதுரங்களாலான துண்டுகளை அடுக்கும் பயிற்சி உண்டு. பாடநூலின் இணையச் செயல்பாடுகள் ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளுக்கு அழைத்துச் செல்கின்றன.