கறுக்கும் வெள்ளி

1872-ல் இத்தாலியின் அபியாதெகிராசோ என்ற சிற்றூருக்கு, தீராத நோயாளிகளுக்கான மருத்துவமனையில் பணியாற்ற ஓர் இளம் மருத்துவர் வந்தார். பெயர் கமில்லோ கோல்கை. அங்கே ஆய்வகம் என்று எதுவும் இல்லை. ஒரு சமையலறையையே ஆய்வகமாக்கிக்கொண்டு, மூளைத் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எல்லா உயிர்களும் செல்களால் ஆனவை என்று ஷ்லைடனும் ஷ்வானும் சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மூளை மட்டும் பிடிகொடுக்கவில்லை. சிக்குப்பிடித்த நூல்கண்டு போல ஏதோ தெரிந்ததே தவிர, ஒரு செல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறிக் கெட்டிப்பட்ட மூளைத் துண்டை அவர் வெள்ளி நைட்ரேட் கரைசலில் இட்டார். மஞ்சள் பின்னணியில் சில செல்கள் மட்டும், கிளைகளின் நுனிவரை, கன்னங்கரேலென்று எழுந்து நின்றன. நூற்றில் ஓரிரண்டு செல்களே கறுத்ததுதான் பேரதிர்ஷ்டம். எல்லாமே கறுத்திருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது. 1873-ல் அதை வெளியிட்டார். பின்னர் ஸ்பெயினின் ரமோன் இ கஹால் அதே வெள்ளியைக் கொண்டு, மூளையும் தனித்தனிச் செல்களால் ஆனதே என்று காட்டினார். மூளை முழுவதும் ஒரே வலை என்று கோல்கை கடைசிவரை வாதாடினார். 1906-ல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது. ஆனால் அதற்குள் வெள்ளி இன்னொரு ரகசியத்தையும் கோல்கைக்குக் காட்டியிருந்தது.

1898-ல் ஆந்தையின் நரம்புச் செல்களுக்குள், உட்கருவுக்கு வெளியே, மெல்லிய வலை ஒன்று கறுத்துத் தெரிந்தது. வெள்ளி படிந்ததால் உண்டான வெறும் கறை என்று பலரும் ஒதுக்கினார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து அது நிஜம் என்று காட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. செல்லில் உருவாகும் புரதங்களைப் பக்குவப்படுத்தி, பொட்டலம் கட்டி, உரிய இடத்துக்கு அனுப்பும் கோல்கை உறுப்பு அதுதான். இன்று பள்ளிப் பாடப்புத்தகத்தின் செல் படத்தில் அதற்கு நிலையான இடம் உண்டு. வெள்ளி உப்பின் வேலை அத்துடன் முடியவில்லை. அடுத்து அது மைசூருக்கு வரவேண்டியிருந்தது.

1937-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் அரக்கு, பெயின்ட் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கிவைத்தார். காட்டு அரக்கை வாங்கிப் பதப்படுத்துவது, பெயின்ட் தயாரிப்பது என்று அதன் வேலை அடக்கமாகவே நடந்தது. 1947-ல் அரசு நிறுவனமானது. அதன் பெயர் நாடெங்கும் பேசப்படும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க முடியாது.

1951-52-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையில் அடையாள அட்டையும் கிடையாது. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் கவலைகளில் ஒன்று கள்ள ஓட்டு. ஓட்டுப் போட்டவர் விரலில் அழியாத மை வைப்பதென்று முடிவாகி, 3,89,816 குப்பிகள் செலவாயின. இத்தனை பெரிய நாட்டுக்கு, தேர்தலுக்குத் தேர்தல், நம்பி வாங்கக்கூடிய மையை யார் தயாரிப்பது என்ற கேள்வி மிஞ்சியது.

விடை 1962-ல் கிடைத்தது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய சூத்திரத்தைக் கொண்டு மை தயாரிக்கும் பொறுப்பு, மைசூர் அரக்குத் தொழிற்சாலையிடம் வந்தது. அந்த ஆண்டின் மூன்றாவது பொதுத்தேர்தல் முதல் இன்றுவரை இந்திய வாக்காளரின் இடது ஆள்காட்டி விரலில் ஏறும் மை அங்கிருந்தே வருகிறது. 1989 முதல் அந்தத் தொழிற்சாலையின் பெயர் மைசூர் பெயின்ட்ஸ் அண்ட் வார்னிஷ். மையின் உயிர்நாடி, கோல்கை கையாண்ட அதே வெள்ளி நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகி, வெளிச்சம் பட்டதும் நுண்ணிய வெள்ளித் துகள்களாகக் கறுக்கிறது. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாத அந்தக் கறை, சில வாரங்களில் தானாகவே மறைந்துவிடுகிறதே, எப்படி?

மை ஏறுவது இறந்த செல்களில். புறத்தோலின் அடியடுக்கில் செல்கள் ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. புதியவை பழையவற்றை மேலே தள்ளுகின்றன. மேலேறும் செல்லில் கெரட்டின் புரதம் நிறைகிறது, உட்கரு அழிகிறது, தட்டையாகி, மேற்பரப்பை அடையும் முன்பே இறந்துவிடுகிறது. இந்தப் பயணம் ஏறக்குறைய நான்கு வாரம். கறைபட்ட செல்கள் உதிர்ந்ததும் அடியிலிருந்து வந்த கறையற்ற செல்கள் வெளியே தெரிகின்றன. தோலை மட்டும் நம்பினால், தேர்தல் முழுதும் முடியும்வரை மை நிலைக்குமா என்ற சந்தேகம் நியாயமானதே.

நகம் அப்படி உதிர்வதில்லை. நகத்தின் வேரில் பிரியும் செல்கள் கெரட்டின் நிறைந்து இறந்து, இறுகிய தகடாக முன்னோக்கி நகர்கின்றன. முன்பெல்லாம் நகமும் தோலும் சேரும் இடத்தில் ஒரு பொட்டு வைத்தார்கள். 2006 முதல், நகத்தின் மேல்முனையிலிருந்து முதல் விரல்கணுவின் அடிவரை ஒரு கோடாக இழுக்கிறார்கள். கோட்டின் தோல்பகுதி முதலில் மறைந்துவிடும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டரே வளர்வதால், நகத்தில் பட்ட பகுதி மெல்ல நுனிக்கு நகர்ந்து, முழுவதும் வெட்டுப்பட்டுப் போகச் சில மாதங்கள் பிடிக்கும்.