இருநூறு வருடங்களாக வந்துகொண்டிருக்கும் ஒரே கடிதம்



பணி ஓய்வு பெற்றாலும் பாடம் நடத்தும் பழக்கம் என்னை விடவில்லை. இன்று ஒரு வரலாற்றுப் பாடம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். புரட்சிக்குப் பயந்து பிரபுக்கள் பலர் நாட்டைவிட்டு ஓடினார்கள் அல்லவா? அதை வைத்துப் பாரிஸ் அருகே பிசேத்ர் சிறையில் இருந்த கைதிகள் ஒரு தொழிலே நடத்தினார்கள். வெளியூர்ப் பணக்காரர்களின் பெயரை விசாரித்து வைத்துக்கொண்டு கடிதம் எழுதுவார்கள். எழுதுகிறவர் ஒரு பிரபுவின் வேலைக்காரராம். தப்பி ஓடும்போது எஜமானரின் நகைப்பெட்டியை உங்கள் ஊர்ப் பக்கம் நீரில் போட்டுவிட்டாராம். அதை எடுக்க வந்த இடத்தில் சிறைப்பட்டுவிட்டாராம். கொஞ்சம் பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்வாராம்!

இதை எழுதிவைத்தவர் விடோக். திருடனாக இருந்து, சிறையிலும் கிடந்து, பிறகு பாரிஸ் துப்பறியும் படைக்கே தலைவரானவர். இப்படி நூறு கடிதம் போனால் இருபதுக்குப் பதில் வந்துவிடும் என்று 1828இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார்.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், இதே கடிதம் ஸ்பெயினிலிருந்து இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனது. 'ஸ்பானிஷ் கைதி' என்றே இந்த மோசடிக்குப் பெயர் நிலைத்துவிட்டது. நம்பவைப்பதற்குச் சிறைப் பாதிரியாரின் கடிதம், முத்திரை குத்திய தாள்கள் எல்லாம் பின்னாலேயே வரும். நம் காலத்தில் நைஜீரியாவிலிருந்து வந்த '419' மின்னஞ்சல்களும் இதன் வாரிசுதான். 419 என்பது அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு எண்.

நாடு மாறியது, கதை மாறியது. ஒரு நிபந்தனை மட்டும் மாறவே இல்லை: யாரிடமும் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால், அவர் ஒரே நிமிடத்தில் குட்டை உடைத்துவிடுவார். ஏமாந்த பிறகும் வாய் திறக்க முடியாது. அடுத்தவன் புதையலுக்கு ஆசைப்பட்டேன் என்று எந்த முகத்தோடு போலீஸில் சொல்வது? அந்த வெட்கம்தான் மோசடிக்காரனுக்குப் பாதுகாப்பு.

இப்போது அதே கடிதம் வீடியோ அழைப்பாக வருகிறது. ஆசைக்குப் பதில் பயம். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் ஆதாரை வைத்துப் பண மோசடி நடந்திருக்கிறது என்பார்கள். போலீஸ் சீருடை, போலி நீதிமன்ற உத்தரவு எல்லாம் காட்டுவார்கள். கேமராவை விட்டு நகரக் கூடாது, வீட்டில் யாருக்கும் சொல்லக் கூடாது என்பார்கள். பாருங்கள், அதே நிபந்தனை!

என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் ஓய்வூதியச் சேமிப்பை இப்படித்தான் இழந்தார். பணம் போன பிறகும் மூன்று நாள் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகள் திட்டுவார்களே என்ற பயம். புகார் கொடுக்கும்போது பணம் பல கணக்குகள் கை மாறிவிட்டது.

ஒன்றை மனதில் வையுங்கள். நம் நாட்டுச் சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று கிடையாது. எந்தக் காவல் அதிகாரியும் வீடியோவில் கைது செய்ய மாட்டார். சரிபார்ப்பதற்காகப் பணத்தை வேறு கணக்குக்கு அனுப்பு என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது.

பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். அங்கே பதிவானதும் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் இன்னும் ஏதாவது கணக்கில் இருந்தால் நிறுத்தி வைக்க வழி உண்டு. அதனால்தான் முதல் சில மணி நேரம் முக்கியம். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். பரிவர்த்தனை எண், அழைத்த எண், நேரம், ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். பணம் போகவில்லை, அழைப்பு மட்டும்தான் வந்தது என்றாலும் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். அடுத்தவர் தப்பிப்பார்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவோ அம்மாவோ ஏமாந்துவிட்டேன் என்று வந்து நின்றால், "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். முதலில் 1930க்குப் போன் போடுங்கள்.

இன்றைய வீட்டுப்பாடம்: இதை வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டி, அவர்கள் போனில் 1930ஐப் பதிந்து கொடுங்கள். முடித்தவர்கள் கீழே 'முடித்தேன் சார்' என்று எழுதுங்கள். வருகைப் பதிவு எடுப்பேன்!

எல்லோரும் நலமோடு வாழ்க.