மாட்டுங்காவின் பயணப் படுக்கை

பம்பாயின் மாட்டுங்காப் பேட்டையில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பயணப் படுக்கையாக நெடுங்காலம் இருந்தது ஹோல்டால். தடித்த கேன்வாஸ் துணியில் தைத்து, இரண்டு பட்டைகளால் இறுக்கிக் கட்டும் சுருள் அது. அந்தப் பேட்டைக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. 1896-இல் பம்பாயைப் பிளேக் தாக்கியது. அதன் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. தாதர், மாட்டுங்கா மனைகள் அதன் திட்டத்தில் பிறந்தவை. அங்கே குடியேறிய தென்னிந்தியர்களில் பலர் அலுவலக குமாஸ்தாக்கள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றும் அளவுக்கு அவர்கள் பெருகியிருந்தனர். கோடை விடுமுறை வந்தால் ஊர்ப் பயணம்தான்.

பம்பாயையும் சென்னையையும் இணைக்கும் ரயில் பாதை 1871-இல் ராய்ச்சூரில் கூடியது. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் ஓர் இரவாவது வண்டியில்தான் கழியும். மூன்றாம் வகுப்பில் வெறும் பலகை. நீராவி எஞ்சினின் கரித்தூள் ஜன்னல் வழியே வந்து விழும். இந்தப் பெட்டிகளைச் செப்பனிட 1915-இல் தொடங்கிய ரயில்வே பணிமனை மாட்டுங்காவிலேயே இருந்தது. அந்தப் பேட்டைக்காரர்களின் முதுகுக்கு அதனால் சலுகை ஏதும் கிடைத்துவிடவில்லை.

ஹோல்டாலை விரித்தால் நடுவில் மெல்லிய மெத்தை. தலைமாட்டு மடிப்புப் பையில் தலையணை, கால்மாட்டுப் பையில் மாற்றுத்துணி. அடியில் விரிக்க ஒரு ஜமக்காளம். பவானி ஜமக்காளம் கெட்டி நூலில் நெய்தது; கரி படிந்தாலும் உதறிவிட்டு மறுபடி விரிக்கலாம். முன்பதிவு பரவலாகாத காலத்தில் அதை விரித்ததுமே இடம் பிடித்தாகிவிட்டது என்று பொருள். ஹோல்டாலை விரும்பியவர்கள் இருந்தார்களா என்பது சந்தேகம்தான். டிரங்குப் பெட்டி, கூஜா, கட்டுச்சோற்று மூட்டையோடு அதையும் இழுத்துச் செல்வது பெரும்பாடு.

1974-இல் மூன்றாம் வகுப்பு ஒழிந்தது. 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைகளுக்கு நுரைமெத்தை போடச் செய்தார். ஏசி பெட்டிகளில் போர்வையும் தலையணையும் ரயில்வேயே தந்தது. ஹோல்டால் பரணுக்குப் போயிற்று.

சுமந்து செல்லும் படுக்கை இன்று மலையேறிகளின் தேவை. தாதரில் ரயில் பிடித்து, கர்ஜத்திலோ கசாராவிலோ இறங்கி சஹ்யாத்ரிக் கோட்டைகளுக்கும், 1646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாய் சிகரத்துக்கும் போகிறவர்களிடம் இருப்பது ஸ்லீப்பிங் பேக். வேல்ஸைச் சேர்ந்த பிரைஸ் ஜோன்ஸ் 1876-இல் காப்புரிமை பெற்ற கம்பளிப் படுக்கையை அதன் முன்னோடி எனச் சொல்வார்கள். வாத்து இறகு அடைத்தவை எடை குறைந்தவை, விலை கூடியவை. நனைந்தால் கதகதப்பை இழந்துவிடும். பாலியெஸ்டர் பஞ்சு அடைத்தவை கொஞ்சம் கனமானாலும் மலிவு, சீக்கிரம் காயும். உறைபனி அரிதான சஹ்யாத்ரிக்கு இதுவே போதும். பூஜ்யம் டிகிரிக்கானதை அங்கே போவதற்காக வாங்குவது வீண் செலவு. பையில் அச்சிட்ட எண்களில் பார்க்க வேண்டியது சௌகரியமாக உறங்கும் வெப்பநிலை; அதைவிடக் குறைந்த இன்னொரு எண், உயிர் பிழைக்கும் எல்லையை மட்டுமே சொல்கிறது. உடலுக்கு அடியில் நசுங்கும் பஞ்சு குளிரைத் தடுக்காது. ஆகவே அடியில் விரிக்க ஒரு நுரைப்பாயின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.